மெதுவாக வாசித்த பாட்டு

அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்குத்தான் கஷ்டம். அடுத்த கல்யாண டின்னரில் அதைப் போடும்போது நிம்மதியாக ஒரு வாய் பிரியாணி இறங்காது. உலகம் முழுக்க அறுபது வருடத்துக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கும் ராக் அண்ட் ரோல் பாட்டு. அமெரிக்காவில் யாரோ எழுதியது. கிட்டாரில் மூன்றே மூன்று கார்டு பிடித்தால் போதும். ஒருவன் ஒருத்தியை ஆட வா, ஆட வா என்று கூப்பிடுகிறான். அதைத் தவிர அதில் வேறு விஷயம் கிடையாது. எங்கே போட்டாலும் முழங்கால் வலிக்காரர்கள்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளைக் குலுக்குவார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் தெருவிலும், சுற்றியுள்ள நாலைந்து சந்துகளிலும் மட்டும் அந்தப் பாட்டு கேட்டால் பிணம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குக் காரணம் நானும் இன்னும் ஏழு பேரும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். அதே முப்பது வருடமாக, சீனர்களின் சவ ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தங்கப் பட்டை வைத்த தொப்பி. எட்டுப் பேரில் ஆறு பேர் சீனர்கள். நானும் இன்னொருவரும் தமிழர்கள். பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்ட ஊதல் வீணாகப் போகவேண்டாமே என்று சேர்ந்தேன். மனிதர்கள் சனி ஞாயிறு பார்த்துச் சாவதில்லை. ஆனால் சீனக் குடும்பங்கள் மூன்று நாள், ஐந்து நாள் என்று வைத்திருந்து எடுப்பதால், எப்படியோ பாதி ஊர்வலங்கள் என் விடுமுறை நாளில் வந்து விழும்.

பேண்டை நடத்துகிறவரை எல்லோரும் தவுக்கே என்போம். முதலாளி என்று பொருள். முதலாளித்தனம் ஒன்றும் கிடையாது, அவர்தான் சாக்ஸபோனும் வாசித்து வேனும் ஓட்டுவார். இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார். அவரும் நானும் பேசுவது மலாய், ஆத்திரம் வந்தால் அவர் ஹொக்கியனுக்குப் போய்விடுவார், நான் தமிழுக்கு வந்துவிடுவேன். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அடுத்த சந்தில் ஒரு டாக்சிக்காரர் இறந்துவிட்டார். தெருவில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாங்கள் வழக்கமான சோக மெட்டுகளைத் தாளில் எழுதி வரிசையாக வைத்திருந்தோம். பெட்டியை எடுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, இறந்தவரின் மனைவி எழுந்து நேராகத் தவுக்கேயிடம் வந்து, அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னார்.

தவுக்கே திகைத்துப் போய்விட்டார். "அது டான்ஸ் பாட்டும்மா. ஊர்வலத்துக்கு ஆகாது."

"அவரு என்னிக்கு ஊர்வலத்துக்குப் போனாரு? டான்ஸுக்குத்தானே போனாரு?" என்றார் அந்த அம்மாள். இதை எனக்குத் தவுக்கே மலாயில் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் பாட்டின் பழைய கதையையும் சொன்னார். அது பினாங்குத் தீவுக்கு வந்தது, கடல் தாண்டி அக்கரை முகாமில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்களோடு. அவர்கள் ஊருக்குப் போகும்போது இசைத்தட்டுகளைக் கடைகளில் விற்றுவிட்டுப் போவார்களாம். அதிலிருந்து கேட்டுக் கேட்டு, உல்லாசப் பூங்காவின் ஆட்டக் கூடத்தில் தவுக்கேயின் அப்போதைய பேண்ட் அதை வாசிக்கத் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் மூன்று தடவையாவது வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் சனம் விடாது. "இந்த ரெண்டு பேரையும் மேடையிலிருந்து பார்த்திருக்கேன்" என்றார் தவுக்கே. "பேரு தெரியாது. கால் மட்டும் தெரியும். அந்தக் கூடத்துலேயே நல்ல கால் அந்த அம்மாவோடதுதான்."

பிறகென்ன, கூடாரத்துக்குப் பின்னால், கார் நிறுத்துகிற இடத்தில், டிரம்பெட் வாயில் துணியை அடைத்துக்கொண்டு எட்டுப் பேரும் ஒத்திகை பார்த்தோம். ஆடுகிற பாட்டை நடக்கிற பாட்டாக ஆக்குவது லேசான காரியம் இல்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் குடிகாரன் பாடுவதுபோல் இருந்தது. இன்னும் பாதியாகக் குறைத்தோம். பெட்டி தூக்குகிறவர்களின் ஓர் அடிக்கு ஒரு தட்டு என்று டிரம் வைத்தோம். தொடக்கத்தில் நாலு சுரம் படியிறங்குவதுபோல் இறங்கும். அதை நான் தனியாக ஊதவேண்டும் என்று தவுக்கே சொன்னார். ஊதினேன். ஆட்டத்துக்கென்று பிறந்த பாட்டுக்குள் இவ்வளவு அழுகை எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது சீனர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு விலங்கு என்று அவர்களுக்கு ஒரு கணக்கு; அன்றைய நாளுக்கு ஒத்துவராத விலங்கு வருடத்தில் பிறந்தவர்கள் அதைப் பார்க்கக்கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யார் பன்றி வருடம், யார் எலி வருடம் என்று அந்த நேரத்தில் யார் கணக்குப் பார்க்கப்போகிறார்கள்? வீட்டாரைத் தவிர எல்லோருமே எழுந்து நின்று சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்கள். போகிறவருக்கும் மரியாதை, தங்களுக்கும் பத்திரம். அன்றும் அப்படித்தான் தெருவே திரும்பி நின்றது. நாங்கள் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டு நடந்தோம். அந்த அம்மாள் பெட்டி ஏற்றிய வண்டிக்கு நேர் பின்னால் நடந்தார். மெட்டு ஒரு வளைவில் மேலே ஏறும்போது அவருடைய இடது தோள் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே! அடுத்த சாவு வீட்டில், "டாக்சிக்காரருக்கு வாசிச்சீங்களே, அது" என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அதே. இரண்டு வருடத்தில் பெட்டி எழும்பும் நேரத்துக்கு வேறு எதை வாசித்தாலும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் காப்பிக்கடை ரேடியோவில் அசல் பாட்டு, அசல் வேகத்தில், வந்தது. கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து, "ச்சோய்! காலங்காத்தாலே!" என்று அதை நிறுத்தினார். ச்சோய் என்பது இங்கே அபசகுனத்தைத் துப்பித் துரத்துகிற சொல். அமெரிக்காக்காரன் எழுதியதை நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து சுடுகாட்டுக்கு எழுதிவைத்துவிட்டோம்.

என் வீட்டில் மட்டும் அது ஆட்டப் பாட்டாகவே இருந்தது. அதற்குக் காரணம் என் மனைவி. "சாவு வீட்டு வாசிப்பெல்லாம் வாசலோட நிக்கணும். வீட்டுக்குள்ள ஊதினா நான் அம்மா வீட்டுக்குப் போய்ருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எனக்கோ தினமும் உதடு பழகவேண்டும். அதனால் அதே மெட்டை அசல் வேகத்தில், குதிக்கக் குதிக்க, அடுப்படியில் நின்று ஊதுவேன். மனைவியும் ஏமாந்தாள், மகளும் ஆடினாள். ஒரே மகள். தட்டுக் கழுவும்போதும் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காலில் மாட்டும்போதும் அந்தப் பாட்டுக்கு ஆடியே வளர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை அது அப்பா பாட்டு. பக்கத்தில் ஊர்வலம் என்றால் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், அதனால் நான் வெளியில் அதை என்ன கதிக்கு ஆளாக்கினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் அவள் வேலை செய்கிற இடத்தில்தான் வேலை, வீடு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம். நல்ல பையன். அப்பா மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அம்மா மட்டும். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறார், தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கை. பெண் பார்க்க வந்தபோது, "சம்பந்தி என்ன செய்யுறீங்க?" என்று கேட்டார். "தொழிற்சாலையில டெக்னீசியன். பொழுதுபோக்குக்கு பேண்டுல வாசிப்பேன்" என்றேன். என்ன பேண்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேசரி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

காலையில் கோயிலில் தாலி கட்டு. ஐயர், "மாப்பிள்ளையோட அம்மா அப்பா முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். சம்பந்தியம்மாள் ஓர் அடி எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற என் அக்கா, "பெரியப்பா பெரியம்மா ஜோடியா நிக்கட்டும் ஐயரே, அதானே முறை" என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து நின்றார்கள், சம்பந்தியம்மாள் தூண் பக்கம் ஒதுங்கிவிட்டார். நல்ல நேரம் தப்பாமல் தாலி ஏறியது. எனக்கு அன்று அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது.

மாலையில் மண்டபத்தில் டின்னர். போகும் வழியில் மகள் என் காதில், "அப்பா, நாங்க ரெண்டு பேரு மட்டும் இல்ல, மாமியார் அத்தையும் நடுவுல மண்டபத்துக்குள்ள நடந்து வருவாங்க. காலையில அவங்க பின்னால நின்னது எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு" என்றாள். "சரி சரி, செய்யுங்க" என்றேன். எனக்கு வேறு யோசனை, வாழையிலை பத்துமா பத்தாதா என்று.

எங்கள் தெருச் சீனக் குடும்பங்களுக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே இரண்டு மேசை போட்டிருந்தேன். தவுக்கேயும் பேண்ட் ஆட்களும் அங்கேதான். எல்லோரும் சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி வந்திருந்தார்கள். எதிர்வீட்டு ஆன்டி என் மகளைத் தூக்கி வளர்த்தவர், அவர் தங்கச் சங்கிலி போட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

ஏழரை மணிக்கு விளக்கை மங்கலாக்கினார்கள். கதவு திறந்தது. மாப்பிள்ளை, மகள், இருவருக்கும் நடுவில் பட்டுச் சேலையில் சம்பந்தியம்மாள், இரண்டு கைகளையும் இரண்டு பிள்ளைகளும் பிடித்திருந்தார்கள். பாட்டு தொடங்கியது.

அப்பா பாட்டு. எனக்கு ஆச்சரியம் கொடுக்கவேண்டும் என்று மகள் யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கனத்த சேலையும் மாமியாருமாக அந்த வேகத்துக்கு நடக்க முடியாதே என்று, பாட்டுப் போடுகிற பையனிடம், "மெதுவா ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அவனும் எங்கேயோ தேடி, வார்த்தை இல்லாமல் டிரம்பெட் மட்டும் வாசிக்கிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். அச்சு அசலாக எங்கள் வேகம். நாலு சுரம் படியிறங்கியது, என் வலது கை தானாக வாய்ப்பக்கம் போனது.

எதிர்வீட்டு ஆன்டிதான் முதலில் எழுந்தார். எழுந்து, கையிலிருந்த கரண்டியோடு, சுவர்ப்பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்து மற்றவர்கள். இரண்டு மேசையும், பதினெட்டுப் பேரும், சிவப்புச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக எழுந்து நின்று, வந்துகொண்டிருந்த மூன்று பேருக்கும் முதுகைக் காட்டினார்கள். தவுக்கே மட்டும் திரும்பவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடது வலது போட ஆரம்பித்திருந்தார்.

ஆறேழு நொடி இருக்கும். "அலாமாக்!" என்று யாரோ மலாயில் ஐயையோ போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஆன்டி தலையில் அடித்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நான் சம்பந்தியம்மாளைப் பார்த்துவிட்டேன். அவர் நின்றுவிட்டார். அந்த இரண்டு மேசைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகன் கையையும் மருமகள் கையையும் மெல்ல விடுவித்துக்கொண்டு, ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து போய்விட்டார். தலைவலி என்று சொல்லி, அக்கரைக்குத் திரும்பிய முதல் காரில் ஏறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் மகள் போன் செய்தாள். அழுகிறாள்.

"அத்தை தன்னைப் பாத்துத்தான் அவங்கள்லாம் திரும்பிக்கிட்டாங்கன்னு நினைக்கிறாங்கப்பா. 'நான் முன்னால வரக்கூடாதுன்னு சீனவங்களுக்குக்கூடத் தெரியுது, எனக்குத்தான் தெரியாமப் போச்சு'ன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு வரலையாம். இனி எந்த விசேஷத்துக்கும் எங்கேயும் வரமாட்டாங்களாம்."

"பாட்டுதான் காரணம்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேன். சும்மா சமாளிக்கிறேன்னு நினைக்கிறாங்க. நீங்க அந்தப் பாட்டைச் சாவுக்கு வாசிக்கிறீங்கன்னு எனக்கே நேத்துதானே தெரியும்? நீங்க மறைச்சத நீங்கதான் வந்து சொல்லணும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் எதிர்வீட்டு ஆன்டி நிற்கிறார். கண் சிவந்திருந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் சிவப்பு ரிப்பன் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "அந்த அம்மாகிட்ட குடு. நான் கிழவி, மூளை இல்லைன்னு சொல்லு" என்று மலாயில் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் செய்தது இருபது வருடப் பழக்கம், அதில் தப்பு என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பெர்ரிப் படகு பிடித்து அக்கரை போய், ரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, பிஸ்கட் டின்னும் கையுமாக நடந்தேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அந்த அம்மாள் மூன்று வருடம் கழித்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றுதான் நாலு பேர் முன்னால் நடந்து வந்திருக்கிறார். அன்றே வாழ்நாளுக்கும் வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டால், அதற்குக் காரணம் என் பாட்டு என்றால், அந்த வீட்டில் என் மகள் எந்த முகத்தோடு இருப்பாள்?

மணி மூன்று. கேண்டீன் முடிந்து வந்து, முன்வாசலில் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"வாங்க அண்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி பயற்றங்காயை இழுத்துக்கொண்டேன். ஒடித்தபடியே ஒன்று விடாமல் சொன்னேன். சவ பேண்ட், தொப்பி, தவுக்கே, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள், டாக்சிக்காரர், விலங்கு வருடம், காப்பிக்கடை ரேடியோ, அடுப்படி. தவுக்கே இல்லாத சாக்ஸபோனை வாசித்ததைச் சொன்னபோது அவர் உதட்டோரம் துடித்தது. ஆன்டி கரண்டியோடு திரும்பியதைச் சொன்னதும் சிரித்தே விட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சாவு வீட்டுல வாசிக்கிறத ஏன் அண்ணே மறைக்கணும்? திருட்டு வேலையா செய்யுறீங்க? நாங்களும் எங்க வீட்டுக்காரருக்கு மேளம் வெச்சுத்தானே அனுப்பினோம் லா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. டின்னைத் திறந்து கொடுத்தேன். ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார்.

"அந்தச் சீன அம்மா, டாக்சிக்காரரு சம்சாரம், அவங்க எங்க நடந்தாங்கன்னு சொன்னீங்க?"

"வண்டிக்கு நேர் பின்னால. எல்லாருக்கும் முன்னால."

"ம்" என்றார். இன்னும் நாலு பயற்றங்காய் ஒடித்தார். "அவரு போனப்ப என்னையும் முன்னாலதான் உட்கார வெச்சாங்க. நான் மாட்டேன்னு உள்ள ஓடினேன். நாலு பொம்பளைங்க கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. சாவுக்கு நான் முன்னால நிக்கணுமாம். நான் பெத்த பிள்ளை கல்யாணத்துக்குப் பின்னால நிக்கணுமாம்."

நான் கையிலிருந்ததை ஒடிக்காமல் கீழே வைத்தேன்.

"சீனவங்க திரும்பினதுக்குப் பாட்டு காரணம். நம்புறேன் அண்ணே. அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல." பிஸ்கட் துகளைக் கையிலிருந்து தட்டிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "காலையில கோயில்ல நீங்க தலையாட்டினீங்களே. அதுக்கு எந்தப் பாட்டு காரணம்?"

நான் பெர்ரியிலும் ரயிலிலும் வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டு வந்த சமாதானம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் காலி. பதினெட்டுப் பேர் அறியாமல் செய்த தப்புக்கு நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். நான் அறிந்து செய்தது எனக்கு நினைவில்கூட இல்லை. முறை என்று சொல்லலாம். அக்கா சொன்னார் என்று சொல்லலாம். ஐயர் பார்த்தார், நேரம் போய்க்கொண்டிருந்தது என்றும் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் ஓர் அடி முன்னால் வந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன். என் வயதுக்கு இவ்வளவு வெட்கத்தை நான் அனுபவித்ததே இல்லை.

"காரணம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "நான் சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்புதான்."

அவர் தலையாட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. எழுந்து உள்ளே போய்த் தேத்தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். இரண்டு பேரும் மிச்சப் பயற்றங்காயையும் ஒடித்து முடித்தோம். கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணே. ஆனா பின்னால நிக்கமாட்டேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே மனசு கேக்கல" என்றாள். "நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"ஐயரு உங்களைத்தானே பாத்தாரு?"

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள், பின்னாலேயே சம்பந்தியம்மாள். அரக்கு நிறப் பட்டு, தலை நிறையப் பூ இல்லை, ஆனால் ஒரு கிள்ளு மல்லிகை வைத்திருந்தார். வாசலில் என் அக்கா ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், நடுவில் எரியும் கற்பூரம்.

"அக்கா, தட்டச் சம்பந்திகிட்ட குடுங்க" என்றேன்.

"என்னடா சொல்ற?" என்றார் அக்கா. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "மொத மொத வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க. அவங்க எடுக்கலாமா? நீ நல்லாத்தான் இருக்கியா?"

"அவங்கதான் எடுக்கணும். பெத்தவங்க."

அக்கா அசையவில்லை. அவரும் வேறு காலத்து மனுஷி, என் மேல் உயிரையே வைத்திருப்பவர், கெடுதல் நினைத்து எதையும் சொன்னதில்லை. என் மனைவி போய் அவர் தோளைத் தொட்டு, தட்டை மெல்ல வாங்கி, சம்பந்தியம்மாளிடம் நீட்டினாள். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவரோடு பேசிச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சம்பந்தியம்மாள் தட்டை வாங்கியதும் உடனே சுற்றவில்லை. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கை அது, தட்டை நேராக்கிப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடித் திறந்தார். பிறகு சுற்றினார். நிதானமாக, மூன்று சுற்று. சிவப்புத் தண்ணீரில் கட்டைவிரலைத் தொட்டு மகன் நெற்றியில் வைத்தார். என் மகள் நெற்றியில் வைக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தண்ணீரைக் கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. விரலை மறுபடி தட்டில் நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன்.